நாற்பத்தொரு நிமிடம்

குத்தாய்சியில் மின்சாரம் செத்துக் கிடந்த
இரண்டாம் குளிர்காலம்.
ஒதாரின் காரில் பெட்ரோல் இல்லை, பேட்டரி இருந்தது.
என்னிடம் ஒரு பல்பு.
அடுக்களை மேசையில் இரண்டையும் இணைத்துவிட்டு
கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தோம்,
பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் மாதிரி.
நாற்பத்தொரு நிமிடம்.
பிறகு இழை சிவந்தது, பழுத்தது, போயிற்று.

எங்கள் நாடகமோ இரண்டேகால் மணி நேரம்.

அரை ராஜாவை எப்படி மேடையேற்றுவது என்று
ஒதார் கத்தினான்.
நானும் கத்தினேன், குளிருக்கு அது நல்லது.
விடிவதற்குள் கத்தரிக்கோலை எடுத்திருந்தோம்.

மூன்று ராணிகளில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினோம்
(ஒருத்தி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை).
மந்திரியின் நெடிய ஆலோசனை
ஓர் இருமலாகச் சுருங்கியது.
போர்க்களத்துக்கு வெளிச்சமே கிடையாது என்றேன்:
நான்கு ஜோடி பூட்ஸ், ஒரு தகரத் தட்டு, இருட்டு.
பார்த்தவர்கள்
குதிரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.
வெள்ளைக் குதிரை என்றார் ஒருவர்.
இல்லவே இல்லை, செம்பழுப்பு என்றாள் மனைவி.
படிக்கட்டு முழுக்க அந்தச் சண்டை.

ராஜாவின் கோபத்துக்குப் பதினெட்டு வரி இருந்தது.
பல்பை அவன் தாடைக்குக் கீழே கொண்டுபோனேன்.
பதினெட்டும் உதிர்ந்தன.

ஆம், நானேதான் தூக்கிக்கொண்டு நடந்தேன்,
கறுப்புக் கோட்டில், கம்பி வாலாக இழுபட.
பத்து வருடம் மாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து
ஐம்பது விளக்குகளை மேய்த்தவள் நான்.
ஒரு கன்னத்துக்கும் ஒரு வெளிச்சத்துக்கும் நடுவே
நாலு விரற்கடை நகர்ந்தால்
துக்கம் சந்தேகமாகிவிடும் என்பது
அதுவரை எனக்குத் தெரியாது.

நுழைவுச்சீட்டு ஒரு விறகுக்கட்டை.
ஈரக் கட்டை கொண்டுவந்தவர்களுக்குக் கடைசி வரிசை.

பதினோராம் இரவு உறைபனி.
குளிரில் பேட்டரி சோம்பிவிடும்,
சோம்பிவிட்டது.
முப்பத்தேழில் என் கையிலிருந்த பல்பு
சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது.
கேத்தினோவுக்கு இன்னும் நான்கு நிமிட வசனம் மிச்சம்.
நின்றாள்.
அவள் மூச்சு எனக்குக் கேட்டது.
பிறகு, பக்கத்துத் தலையணைக்குச் சொல்வதுபோல,
மேடையில் யாரும் பேசாத குரலில்
மீதியைச் சொன்னாள்.
முந்நூறு பேரில் ஒருவரும் செருமவில்லை.

வாசலில் ஒரு பல் மருத்துவர் என் கையைப் பற்றிக்கொண்டார்:
"அந்த இடம் பார்த்து அணைத்தீர்களே!"
நானும் தலையாட்டினேன்.
பொய்.
மறுநாள் முப்பத்தேழாம் நிமிடத்தில்
கம்பியை நானே கழற்றினேன்.
பொய் தீர்ந்தது.

இப்போது எங்களிடம் நூற்றிருபது விளக்குகள்,
விரல் தொட்டால் கேட்கும் பலகை,
நீலத்தில் மட்டும் ஒன்பது நீலம்.
முதல் நாள் நள்ளிரவுவரை அதன் முன் உட்கார்ந்திருந்தேன்,
முழுப்பக்க உணவுப்பட்டியலைப் பார்த்துப்
பசியை மறந்தவளாக.
கடைசியில் ஒதாரிடம் கேட்டேன்:
எனக்கு எத்தனை வேண்டாம் என்று நீயே சொல்.
"நூற்றுப் பதினேழு."
நானோ
நூற்றுப் பதினாறில் பேரம் முடித்தேன்.

அந்தக் குளிர்காலத்தைப் புகழ்கிறேன் என்று
எழுதிவிடாதீர்கள்.
அதே இருட்டில் என் அக்காவுக்கு
அறுவைசிகிச்சை பாதியில் நின்றது.
அடுத்தவர் கம்பியை அறுத்துவிட்டு
கலை பிறக்கும் என்பவன் வாயில்
அந்தத் தகரத் தட்டைத் திணிப்பேன்.
நான் சொல்வது சின்ன விஷயம்:
முப்பத்தேழில் கழற்றினேனே,
அந்த இரவு பேட்டரியில்
இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.